ஏசுதாசன் உடைத்தது

1

போன செவ்வாய்க்கிழமை காலை, மலாயாவில் ஈப்போ நகரத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில், என் வலது கைக் கட்டைவிரலை மைப்பலகையில் அழுத்தி ஒரு அட்டையில் உருட்டினார்கள். அட்டையில் விழுந்தது ஒரு கறுப்பு வட்டம். கோலிக்குண்டை மையில் தோய்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

நம் ஊர்க்காரர்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். இங்கே மலைக்காட்டில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது. ரப்பர்த் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கிவிட்டுக் கொளுத்துகிறார்கள். அதனால் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோரும் புகைப்படமும் ரேகையும் கொடுத்து அடையாள அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்றால் முதலில் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் ஒரு இடி, பிறகுதான் கேள்வி. எங்கள் தெருச் சலவைக்காரருக்கு அப்படி இரண்டு விலா எலும்பு போயிற்று.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன காணும், விரலிலை ரேகையே இல்லை?"

"சின்ன வயசுல சுட்டது ஐயா."

"மற்ற விரலைத் தாரும்."

தந்தேன். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், எல்லாம் அதே வட்டம். சுண்டுவிரல் கோணலாக நின்றது, பலகையில் படவே இல்லை.

"காட்டிலை இருக்கிறவங்கள் விரலைக் கருக்கிக்கொண்டு வாறாங்கள். உம்மை அப்பிடி எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் காரணம் எழுதோணும். எப்பிடிச் சுட்டது, ஆரால சுட்டது, எல்லாம்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற என் மகன் ராஜு முந்திக்கொண்டான். அவனுக்குப் பதின்மூன்று வயது, அவனுக்கும் அட்டை வேண்டும்.

"ஏசுதாசன்னு ஒரு ஆளு சார். அப்பாகூட ஆர்ட் ஸ்கூல்ல படிச்சவன். அப்பா கையப் பிளாஸ்டர் வாளிக்குள்ள அமுக்கிப் புடிச்சிக்கிட்டான். அப்புறம் சுத்தியால அடிச்சி விரலையும் ஒடைச்சிட்டான்."

"அட பாவி," என்றார் கிராணி. "அதுவும் ஒரு சிநேகிதம்."

எனக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பதால் தாளை ராஜுவிடம் கொடுத்தார். பையன் குண்டு குண்டாக, அழகாக எழுதினான். கிராணி மையொற்றித் தாளை வைத்து ஒற்றினார். கீழே நான் இடது கைப் பெருவிரலை வைத்தேன். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான், அதனால்தான் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சிப்பாய் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். பதினாறு வருஷப் பழக்கம்.

ஏசுதாசன் என் கையை அமுக்கவில்லை. அந்தக் கையை வெளியே எடுத்தவன் அவன். நம் ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் இன்றைக்கும் அவன் பேர் வசவாக வழங்குகிறது. அந்தப் பேரை அவனிடம் திருப்பிக் கொடுப்பதற்காக நம் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

2

ஆரியசாலையில் கயிறும் வற்றலும் மொத்தமாக விற்கும் கடை எங்களுடையது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், எனக்கு ஆறு வயதாகும்போது போய்விட்டார். கடையையும் என்னையும் சேர்த்துத் தூக்கியவர் அண்ணாச்சி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் நான் உருப்படவில்லை. எழுத்துக் கூட்டியதே வற்றல் மூட்டையில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான். ஆனால் கரித்துண்டு கிடைத்தால் சாக்கெல்லாம் படம் போட்டுவிடுவேன். வேறு அண்ணன் என்றால் தோலை உரித்திருப்பான். இவர் என்னைச் சித்திரப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"ஏலே, மூணு வருஷம் மனசு வச்சுப் படி. டிராயிங் மாஸ்டர் ஆயிரலாம். நம்ம குடும்பத்துல மூட்டை தூக்காத முதல் முதுகு ஒன் முதுகுதாம்லே," என்றார்.

டிராயிங் வகுப்பில் ஒரு கூஜாவை வைத்தார்கள். இரண்டு மாதம் அதே கூஜா. மூன்றாம் மாதம் கூஜா கனவில் வந்தது. எண்ணெய் வண்ண வகுப்பில் நல்ல சிரிப்புச் சத்தம் கேட்டது, அங்கே போனேன். அங்கேதான் சுப்புணி இருந்தான், வலியசாலை அக்கிரகாரத்துப் பையன், பேச்சுக்கு அவனை மிஞ்ச ஆளில்லை. அவனும் நானும் சேர்ந்து மரச்செதுக்கு வகுப்புக்கு மாறினோம். அங்கே ஏசுதாசன். நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, எல்லைப் பக்கத்துக் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். ஒரு பலாக்கட்டையை அவன் கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் அது மாட்டின் முகமாகக் கண்ணைத் திறக்கும். "வலது கை கூலிக்காரன் டே, அடிக்கத்தான் லாயக்கு. உளி பிடிக்குத எடது கைதான் ஆசாரி," என்பான்.

பிறகு எனக்குச் செதுக்கலும் அலுத்தது. களிமண்ணும், தண்ணீரில் கரைத்தால் கல்லாக இறுகும் பிளாஸ்டர் மாவும் இருக்கும் வார்ப்பு வகுப்பில் மனம் போயிற்று. பள்ளியில் நாலு பேரைக் கெஞ்சினால் மாற்றிவிடுவார்கள். "நம்ம சண்முகம் வகுப்பு மாறறது, உற்சவத்துல சுவாமி வாகனம் மாத்தறாப்ல கேட்டியா," என்று சுப்புணி எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான். அண்ணாச்சிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் கணக்கில் நான் இன்னும் கூஜா வரைந்துகொண்டிருந்தேன், அடுத்த வருஷம் மாஸ்டர்.

எங்கள் வேடிக்கை முரட்டு வேடிக்கை. ஈரக் களிமண்ணை உருட்டி எறிந்து சண்டை போடுவோம், நடுவில் கல் வைத்து உருட்டுகிறவனும் உண்டு. என் புருவத்தில் இருக்கும் வெட்டு சுப்புணி எறிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலை உடைப்பு. வாரம் முழுதும் வார்த்து, தேறாமல் போன பிளாஸ்டர்த் தலைகளைப் பின்கட்டில் வரிசையாக வைத்து, சுத்தியலால் அடித்து நொறுக்குவோம். மூக்குகள் பறக்கும். வகுப்பு மாறுகிறவனுக்கு அதில் தனிச் சட்டம் இருந்தது: பழைய வகுப்பில் செய்ததையெல்லாம் தன் கையாலேயே உடைத்துவிட்டுத்தான் புது வகுப்பில் கால் வைக்க வேண்டும். நான் மூன்று தடவை உடைத்தேன். கூஜாப் படங்களைக் கிழித்தபோது சந்தோஷம். மரச்செதுக்கிலிருந்து மாறியபோது நான் செய்திருந்த ஒரே உருப்படி ஒரு யானை. ஏசுதாசன் கோடாலியை நீட்டினான். "ஒனக்க ஆனைக்கு நாலு காலும் நாலு அளவு. உடைச்சுப் போடு, பாவம், அதுவும் நடந்து கஷ்டப்படாண்டாம்."

மத்தியானம் மூன்று பேரும் மரக்கொட்டகையில் சாப்பிடுவோம். ஏசுதாசன் கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கையும் மீன் சாறையும் சுப்புணி வழித்துத் தின்பான், பிறகு நாலு தடவை கைகழுவி, மணக்கிறதா என்று எங்களை முகரச் சொல்லிவிட்டு வலியசாலைக்குப் போவான். சொந்த அண்ணன் தம்பிக்குள்ளேகூட அந்த அன்னியோன்னியம் பார்த்ததில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்ததை எதிரிக்குச் செய்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

3

வார்ப்பு வகுப்புக்குப் புதிதாக வருகிறவன் தன் கையையே வார்த்துக் காட்ட வேண்டும். அதுவும் மாணவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம்தான். சரியான முறை இது: கையில் நன்றாக எண்ணெய் பூசி, மேசையில் வைத்து, பிளாஸ்டரை மெல்லிசாக ஊற்றி, ஒரு பாதி இறுகியதும் எடுத்துவிட்டு, மறுபாதி. பொறுமையாகச் செய்தால் ஒரு முழு மத்தியானம் ஆகும்.

எனக்குப் பொறுமை எங்கே இருந்தது. ஒரே வாளியில் கையை முழுசாக விட்டு, ஒரே வார்ப்பில் எடுத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். உப்புப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். இரண்டு பிடி உப்புப் போட்டேன். மரக்கொட்டகையில் வச்சிரப் பசை காய்ச்சும் அடுப்பிலிருந்து வெந்நீர் எடுத்துக் கலக்கினேன். கை அழகாக விழ வேண்டுமென்று விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டுக்கு மேலே நாலு விரற்கடை வரை உள்ளே விட்டேன். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. யாரும் அமுக்கவில்லை. கூட இருந்தவன் சுப்புணி மட்டும்தான், அவன் வாளி ஆடாமல் காலால் அணை கொடுத்துக்கொண்டிருந்தான்.

முதலில் இளஞ்சூடு. "கோழிக்கு அடியில் கை வச்ச மாதிரி இருக்குடா," என்று நான் சொன்னதும் சுப்புணி சிரித்தான். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். மெல்லிசாக ஊற்றினால் அந்தச் சூடு தெரியாது. ஒரு வாளி நிறைய இருந்தால் அது அடுப்பு. சிரித்து முடிப்பதற்குள் எனக்கு வேர்த்தது. எடுக்கப் பார்த்தேன், விரிந்த விரல்கள் உள்ளே பூட்டிக்கொண்டுவிட்டன. சூடு ஏறிக்கொண்டே போயிற்று. வாளித் தகரத்தைச் சுப்புணியால் தொட முடியவில்லை. "சண்முகம், நேக்கு பயமா இருக்குடா, எடுத்துடுடா," என்று அழுதான். நான் கத்திய கத்தல் தெருவில் கேட்டிருக்கும். என் கை வாளிக்குள்ளே வேகும் வாசனை எனக்கு வந்தது.

ஏசுதாசன் கொட்டகையிலிருந்து ஓடிவந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. வாளியைப் படுக்கப் போட்டு அடியில் ஓங்கி நாலு உதை உதைத்தான், கட்டி முழுசாக வழுக்கி வெளியே வந்தது, அதோடு என் கையும். கட்டியைப் படிமேல் தூக்கி வைத்தான். ஒரு கையில் உளி, ஒரு கையில் மரக் கொட்டாப்புளி.

"எடே, நான் அடிக்கப் போறேன். அனங்காத. அனங்கினா உளி கையில ஏறும், கேட்டியா. சுப்புணி, அவனுக்க முதுகுல ஏறி இரி."

அடித்தான். கட்டி விண்டது. இன்னும் அடித்தான். நான் அவன் தோளைக் கடித்தேன், வாயில் ரத்தம் வந்தது, அவன் தோளை இழுக்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ அடியில் என் சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. "போட்டும், ஒரு விரல் போட்டும்," என்று சொல்லிக்கொண்டே அடித்தான். கட்டி பிளந்து கை வந்தது. விரல்நுனித் தோல் வரவில்லை. அது பிளாஸ்டருக்குள்ளேயே தங்கிவிட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

4

இங்கே என் தினப்படி வேலை விளம்பரப் பலகை எழுதுவது. காலையில் சந்தைக்குப் போய்வந்து பத்து மணிக்குத் தூரிகை பிடிப்பேன், இடது கையில். வந்த புதிதில் தமிழ் எழுத்தெல்லாம் சாய்ந்து விழும், ஒரு வருஷம் பழைய தகரத்தில் எழுதி எழுதி நானாகவே நேராக்கினேன். சீன எழுத்தை அர்த்தம் தெரியாமல் படம் போலப் பார்த்து எழுதிவிடுவேன். பேச்சுத்தான் இன்னும் நம் ஊர்ப் பேச்சு. கடைக்காரரிடம் "சாயம் காய்ஞ்சாச்சோ, நோக்கணும்" என்றால் ராஜு தலையிலடித்துக்கொள்வான். அவன் தமிழில் பாதி மலாய். "தாப்பா பா, விடு," என்பான், பரவாயில்லை என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரியசாலையை ஒட்டிய சாலைக்கடைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர் என் பட்டறையில் உட்கார்ந்திருந்தார். தன் கூட்டாளி ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அது ஏசுதாசன் கூட்டாக்கும். கை கொடுத்தா கையே போவும்." கூட்டு என்றால் சிநேகம். எனக்குத் தூரிகை நின்றுவிட்டது. யார் அந்த ஏசுதாசன் என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், எங்க பக்கத்துல அப்படிச் சொல்லுவா. யாரோ ஒருத்தன் சிநேகிதனைச் சுட்டுட்டானாம்."

ஜனங்கள் வாயில் புழங்கும் பேச்சென்றால் எனக்கு உயிர். கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதை மட்டும் எழுதவில்லை.

அந்தப் பேச்சு பிறந்த கதை இதுதான்.

கட்டுப் போட்டு வீட்டில் கிடந்த மூன்றாம் நாள் அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கட்டுக் கட்டியவர் அவரிடம், வெந்தது போக எலும்பும் ஒடிந்திருக்கிறது, அது அடிபட்டு ஒடிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

"யாருலே அடிச்சது?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொல்லுலே. யாரு?"

"ஏசுதாசன்."

"எதுக்கு?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் பிளாஸ்டர் வகுப்பைச் சொல்ல வேண்டும், அதற்கு முந்திய வகுப்பையும், அதற்கு முந்தியதையும். கூஜா என்றைக்கோ போய்விட்டது, மாஸ்டர் உத்தியோகமும் போய்விட்டது, மூட்டை தூக்காத முதுகு என்ற பேச்சும் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "கையப் பிடிச்சு உள்ள விட்டதும் அவன்தானா?" மூடிய கண்ணோடு தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என் சாட்சி.

எட்டாம் நாள் வில்வண்டி கட்டினார். பின்னால் மூட்டை தூக்கும் மாடசாமியும் இன்னொருவனும், இடுப்பில் சாக்குக் கொக்கி. "ஆளைக் காட்டு, போதும். நீ எறங்காண்டாம்," என்றார். சித்திரப் பள்ளியின் பின்பக்கத் தெருவில் வண்டி நின்றது. ஏசுதாசன் மரத்தூள் படிந்த தலையோடு வந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எடே, எறங்கி நடமாட ஆரம்பிச்சாச்சா? கை எப்பிடி இருக்கு? சுண்டுவிரல நான்தான் ஒடிச்சேன், தெறி பண்ணாத டே," என்றான். கோபித்துக்கொள்ளாதே என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு அது போதும். மாடசாமி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். இன்னொருவன் கொக்கியைத் திருப்பி அதன் கட்டையால் வாயில் அடித்தான், பல் தெறித்து வண்டிச் சக்கரத்தில் பட்டது. ஏசுதாசன் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். அவன் காத்திருந்தான் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நான் ஒரு வார்த்தை சொல்வேன், இவர்கள் விட்டுவிடுவார்கள் என்று. அண்ணாச்சி வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை உருவினார். "எந்தக் கையாலலே என் தம்பிக்க கையப் பிடிச்ச?" ஏசுதாசன் வாய் நிறைய ரத்தம். அகப்பட்ட இடது கையைத் தெருவோரத் திண்டின்மேல் இழுத்து வைத்து முழங்கையில் அடித்தார். மூன்று அடி. மூன்றாவது அடியில் கை பின்பக்கமாக மடங்கியது. மாடு மிரண்டு வண்டியை இழுத்தது, அதனால்தான் நாலாவது அடி விழவில்லை.

தெருமுனையில் சுப்புணி நின்றான். அவனும் என்னைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி வண்டியை நிறுத்தி நன்னாரி சர்பத் வாங்கினார். "என்னலே இப்படி வேர்க்குது, குடி," என்று கிளாசை என் வாயில் வைத்தார். அவர் விரல் கணுவில் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பெற்றவர்கூட அவ்வளவு ஆசையாக எனக்கு ஒன்றும் ஊட்டியதில்லை. குடித்தேன்.

5

பள்ளியில் விசாரித்தார்கள். சுப்புணி, தான் அப்போது தூரிகை கழுவப் போயிருந்ததாகச் சொன்னான். அப்படிச் சொல்லச் சொல்லி அவன் காலைப் பிடித்தவன் நான். "சொல்லிட்டேண்டா," என்று வந்து நின்றான். "இனிமே என்னோட பேசாதே." பேசவில்லை.

நாலு மாதம் கழித்துப் பஸ் ஏறி ஏசுதாசன் ஊருக்குப் போனேன். கட்டுப் பிரித்த என் கை சிவந்த கிழங்கு போல இருந்தது. அவன் வீட்டு முற்றத்தில் ஒரு பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் இழைத்துக்கொண்டிருந்தான். இடது கை மடங்கிய மடிப்பிலேயே நின்றுவிட்டிருந்தது, வயிற்றோடு ஒட்டி. உளி பிடிக்கும் கை.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து வலது கையால் ஒரே அறை. என் உதடு பற்களுக்கிடையே கிழிந்தது. நான் விழுந்து எழுந்தேன், இன்னொன்று வரும் என்று நின்றேன். அவன் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"வாயக் களுவு."

கழுவினேன்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்த?"

"மலாயாவுக்குப் போறேன். அண்ணாச்சிட்ட இங்க வச்சுச் சொன்னா என்னைக் கொன்னுபோடுவாரு."

"கொல்லட்டும். எனக்க அம்ம சந்தைக்குப் போனா, ஒனக்க மகன்தானே அந்தப் பயலுக்க கையச் சுட்டதுன்னு ஆளுவ கேக்காவ. வேதக்கோயில்ல பாட்டு முடிஞ்சு வரச்சில கேக்காவ. நீ நாலு மாசமா வீட்டுல சோறு தின்னுட்டு இருந்த."

நான் அழுதேன். அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது.

"கரையாத டே. கை போனது போச்சு. நான் பெஞ்சு அடிப்பேன், பெட்டி அடிப்பேன், அது என்னமும் செய்வேன். எனக்க பேரு எனக்கு வேணும். கப்பல் ஏறினாக்க ஒங்க அண்ணன் ஒன்ன அடிக்க முடியாதில்லா? அங்க போய் எழுது. நாலு பேரு கேக்க எழுது. மறைச்சு எனக்கு மட்டும் கடுதாசி போட்டா நான் அதக் கிழிச்சுப் போடுவேன்."

எழுதுகிறேன் என்று கர்த்தர் பேரில் சத்தியம் செய்யச் சொன்னான். செய்தேன். தம்பானூரில் ரயில் ஏறினேன், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். கப்பலில் எழுதலாம் என்று நினைத்தேன், கடல் சேரவில்லை. வந்த இடத்தில் வேலை கிடைக்கட்டும் என்று நினைத்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண் வீட்டார் கையைப் பார்த்துக் கேட்டார்கள். ஒரு பொய் தயாராக இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிறகு யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், சாவடியில் குனியாதவர்களை அறைந்தான், தலைகளைக் கம்பத்தில் வைத்தான். அந்த நாலு வருஷம் எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சாக்கு இருந்தது. யுத்தம் முடிந்தும் நான் எழுதவில்லை. அதற்கு ஒரு சாக்கும் இல்லை.

6

வியாழக்கிழமை ராஜுவைக் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தப் பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போனேன். கிராணி கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன, அட்டை துலைஞ்சு போச்சோ?"

"இல்லை ஐயா. காரணம் எழுதினது தப்பு. அதை மாத்தணும்."

"என்ன தப்பு?"

"ஏசுதாசன் சுடலை. நானே சுட்டுக்கிட்டேன். அவன் உடைச்சு எடுத்தான்."

ராஜு என்னைப் பார்த்ததை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப விபத்து எண்டு போடட்டே?"

"போடுங்க. ஏசுதாசன் காப்பாத்தினான்னும் போடுங்க."

"ஆர் காப்பாத்தினது எண்டு எழுத இதிலை இடமில்லை காணும்."

"சுட்டவன் பேர் எழுத மட்டும் இடம் இருந்துதே ஐயா."

அவர் பேனாவை மையில் தோய்த்தார். பிறகு பழைய வரியைக் கோடு போட்டு அடித்து, விபத்து என்று எழுதி, ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று ராஜு வாசித்துச் சொன்னான். சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது பையன் கேட்டான்: "அப்ப அந்த ஆளு கை?"

"அது போச்சு."

"பெரியப்பாவா ஒடைச்சாரு?"

"பெரியப்பா அடிச்சாரு. உடைச்சது நான்."

அவன் தாப்பா என்று சொல்லவில்லை. எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்து போனான். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவுமில்லை. பேசாமலிருக்க அவனுக்கு உரிமை உண்டு.

7

இந்தப் பத்திரிகை ஆரியசாலையில் நாலைந்து கடைகளுக்கு வருகிறது. அண்ணாச்சி படிக்க மாட்டார், இப்போது கண்ணும் மங்கிவிட்டது என்று கேள்வி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசிக்கப் போகிற தம்பி நீ யாரோ, உனக்கு நான் ஒன்று சொல்கிறேன்.

மூட்டைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு வாசி. மாடசாமி இருந்தால் அவரும் கேட்கட்டும். எதிர்க்கடைக்காரர்கள் வந்து நின்றால் விரட்டாதே. சர்பத் வாங்கிக் கொடுத்த இடம் வரும்போது அண்ணாச்சி எழுந்துவிடுவார், அவரை எனக்குத் தெரியும். உன்னை ஏசுவார், தாளைப் பிடுங்க வருவார், ஒருவேளை கை நீட்டவும் நீட்டுவார். அடி விழுந்தால் அது எனக்கு விழ வேண்டியது, எனக்காக வாங்கிக்கொள். தெற்குத் திசைக்குப் போகிற பஸ்காரர் யாராவது காதில் விழுந்ததைக் கொண்டுபோய் நெய்யாற்றின்கரைக்கு அப்பால் போடும் அளவுக்கு உரக்க வாசி.

ஏசுதாசன் என் கையை எடுத்துக் கொடுத்தான். நான் அவன் கையை ஒடிக்கக் கொடுத்தேன். இந்த இரண்டு வரியை மட்டும் இரண்டு தடவை வாசி.